ஒரு சொல் மாறிய ஆண்டு: வள்ளலாரின் நம்பிக்கையும் அதன் திருத்தங்களும்

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 1865இல் தொடங்கிய அமைப்புக்குச் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’ என்று பெயர். 1872 ஜூலையில் அவரே ஓர் அறிவிப்பின் மூலம் அதைச் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ ஆக்கினார். ‘வேத’ போய்ச் ‘சுத்த’ வந்தது. அடிகளைச் சைவத்துக்குள் நின்ற சீர்திருத்தக்காரராகக் காண்போருக்கும், புதுமதம் கண்டவராகக் கொண்டாடுவோருக்கும் இந்த ஒரு சொல் இடைஞ்சல்தான். முன்னவர்க்கு அது அளவுக்கு மீறிய மாற்றம். பின்னவர்க்கோ, தொடக்கத்திலேயே முழுமை பெற்றிருக்க வேண்டிய ஒரு மார்க்கம் ஏழு ஆண்டு கழித்துத் தன்னைத் திருத்திக்கொள்வது சங்கடம். சன்மார்க்கத்தை ஒரு தனிமனிதரின் அனுபவத்தையே பிரமாணமாகக் கொண்ட நம்பிக்கையாகப் படித்தால் இரு தரப்புச் சிக்கலும் தீர்கிறது என்பது என் கருத்து.

சென்னை ஏழுகிணறு வீட்டின் மாடியறையில், சிறுவயதில் அவர் கண்ணாடி ஒன்றை வைத்து விளக்கேற்றி அமர்ந்ததாகவும், அதில் தணிகை முருகன் தெரிந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வடலூரில் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையிலும் கண்ணாடி உண்டு, விளக்கு உண்டு. உருவம் மட்டும் இல்லை. அதன் முன்னே ஏழு நிறத் திரைகள். அடுத்த ஆண்டின் கடைசியில், தாம் தங்கியிருந்த மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம் அறைக்குள் இருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, அதையே வழிபடச் சொன்னார். முதலில் உருவம் நீங்கியது. பிறகு கண்ணாடியும் வேண்டாமல் போயிற்று.

1873 அக்டோபரில் அங்கே கொடியேற்றி அவர் ஆற்றிய உரையைப் ‘பேருபதேசம்’ என்பர். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஓர் ஒப்புதல். முன்பு தமக்குச் சைவத்தின்மேல் இருந்த பற்று அளவிட முடியாதது என்கிறார். அதற்குச் சாட்சியாகத் தம் பழைய பாடல்களையே காட்டுகிறார். அப்போது அறிவு போதாமல் இருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஓதத் தொடங்கிவிட்ட தோத்திரங்களை, பாடியவரே தாம் விட்டு வந்த இடத்துக்கான அடையாளமாக எடுத்து வைக்கிறார். பக்தி மரபில் தன்னை நாயாகவும் கடையனாகவும் தாழ்த்திக்கொள்வது சாதாரணம். பாடிய பாட்டின் பிடிமானத்தையே கைவிடுவது வேறு சங்கதி.

சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பின் கண்டனத்தையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கலாம். அடிகளின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் தம் ஆசிரியரின் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, 1867இல் முதல் நான்கையும் ‘திருவருட்பா’ என்று அச்சிட்டார். அருட்பா என்ற பெயர் யாருக்கு உரியது என்பதே பூசல். அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. வசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நாவலர் தரப்பு எழுப்பிய கேள்வி வலுவானது: ஆகமமும் குருபரம்பரையும் ஒப்பாத ஒருவரின் அனுபவத்துக்கு எந்த அதிகாரம்? வேடிக்கை என்னவென்றால், அப்போது அச்சில் இருந்தவை பெரும்பாலும் சைவத்துக்கு அடங்கிய பாடல்கள். சமயத்தைத் தாண்டிய ஆறாம் திருமுறை வெளிவந்தது 1885இல்தான். அதற்குள் அடிகளும் இல்லை, நாவலரும் இல்லை. மாணவர் போட்ட ‘திருமுறை’ என்ற உறை சைவ உறை. உள்ளே இருந்த சரக்கு பாதி வழியில் மாறிவிட்டது.

சங்கம், சாலை, சபை, கொடி என்று அத்தனையும் வைத்தவரை, அனுபவமே பிரமாணம் என்று சொல்லி அமைப்புக்கு வெளியே நிறுத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் அமைத்த வாசல்கள் எப்படிப்பட்டவை? 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் சோற்றுக்கு உட்கார்பவரிடம் இருக்க வேண்டிய ஒரே தகுதி பசி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஞான சபைக்குள் நுழையக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும். சாதியும் தீட்சையும் கேட்கப்படவில்லை. விளக்கு வைக்கும் பணியைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவருக்கோ எழுபத்திரண்டைக் கடந்தவருக்கோ ஒதுக்கினார். பரம்பரை அர்ச்சகர் உருவாக இதில் இடமே இல்லை. சிறுவன் வளர்ந்துவிடுவான், கிழவர் போய்விடுவார்.

ஆயினும் அர்ச்சகர் மரபு உருவானது. ஞான சபையில் பின்னாளில் சிவலிங்க வழிபாடு நுழைந்தது. அது அடிகளின் நெறிக்கு முரண் என்று 2006இல் இந்து சமய அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. முடிவு சரியானதே. ஆனால் அதை எட்டிய வழி யோசிக்க வைக்கிறது. ஆகமத்தைப் பிரமாணமாகக் கொள்ள வேண்டாம் என்றவரின் விதிமுறைகளை ஆகமத்தின் இடத்தில் வைத்துத்தான் அந்த முடிவுக்கு வர முடிந்தது. அவருக்கோ அந்த விதிகள் அன்றைய நிலை. 1872இல் ஒரு சொல்லை எடுத்தவர் 1875இல் இன்னொன்றை எடுத்திருக்கக் கூடும். 1874 ஜனவரி 30 அன்று சித்திவளாக அறைக்குள் அவர் புகுந்து கதவு சாத்தப்பட்ட பின், அப்படித் திருத்தும் உரிமை சங்கத்தாரிடமும் இல்லை, அறநிலையத் துறையிடமும் இல்லை.