தீவகத்தை எண்ணியோர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளின் பொருள்நிலையை ஆராயப் புகுவோர், அவற்றைக் கணக்கிட்டோர் யாவர், எதன்பொருட்டுக் கணக்கிட்டனர் என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும். எண்கள் தாமாகப் பிறப்பதில்லை. எண்ணுவோன் நோக்கத்தினின்றே பிறக்கின்றன.

ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் நாட்டு நகர்ப்பெயர்களைச் சூட்டியதோடமையாது, தோம்பு எனும் நிலப்பதிவேடுகளையும் எழுதுவித்தனர். யாழ்ப்பாணத்துக் கொமாந்தராயிருந்த சுவார்தக்குரூன், 1697இல் மலையாளக் கரைக்குச் செல்லுமுன் தம் சபையாருக்கென ஒரு நினைவுக்குறிப்பு வரைந்துவைத்தார். நிலவரி, தலைவரி, யானை வாணிபம், சாயவேர் என வருவாய் ஒவ்வொன்றும் அதில் நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளது. ஆயினும் அது கும்பனியின் பேரேடேயன்றிக் குடிகளின் பேரேடன்று. சாயவேர் தோண்டியவன் வீட்டில் உலை ஏறிற்றா என்பது கொமாந்தரின் துறைக்குப் புறம்பானது.

கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை அகராதி நூல், தமிழர் ஒருவர் நாட்டை இடம்வாரியாக விவரித்த அரிய முயற்சி. எனினும், குடிகளையே பொருளாகக் கொண்ட ஆய்வு 1871இல் தொடங்கிய குடிசன மதிப்போடுதான் முறைமை பெற்றது. 1901ஆம் ஆண்டு மதிப்பை நடாத்திய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், பிற்காலத்தில், 1915இல், இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். தொகைகளிலே தேர்ந்த ஒருவர் தொழிலாளர் நலத்தை நாடியது தற்செயலன்று என்பது எம் துணிபு.

அக்காலக் குடிசன மதிப்பு, ஒருவன் குறித்த இரவில் எங்கிருந்தானோ அங்கேயே அவனை எண்ணிற்று. தீவக ஆடவரிற் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தோர். அவர்கள் கடையிருந்த ஊரிலே எண்ணப்பட்டனர். அனுப்பிய பணமோ புங்குடுதீவிலே வீடாகவும், கிணறாகவும், சீதனமாகவும் மாறிற்று. தீவின் அட்டவணையை மட்டும் நோக்குபவன், இத்துணைச் செலவுக்கு வருவாய் எங்கிருந்து வந்ததென்று திகைப்பான்.

அடுத்து வந்தது எண்ணப்படாத காலம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெருந்தொகையினர் போரால் இடம்பெயர்ந்தனர். 1991இல் நாடெங்கணும் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது யாழ்ப்பாணம் முறையாக எண்ணப்படவில்லை. 1981க்குப்பின் முழுமையான கணக்கு 2012இலேயே கிடைத்தது.

இதன் விளைவு சிறிதன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004இல் வகுத்த வறுமைக்கோடு, 2002ஆம் ஆண்டின் வீட்டு வருமானச் செலவு ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. அவ்வாய்வில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை. நாட்டில் வறியவர் யாரெனத் தீர்மானித்த அளவுகோல், நெடுந்தீவான் என்ன உண்டான் எனக் கேளாமலே செய்யப்பட்டது! அதன் ஆசிரியர்மேற் குறை கூறுவதற்கில்லை; போர் நடந்த பிரதேசத்தில் எந்த ஆய்வாளன் வீடுவீடாகச் செல்வான்? இருபத்தைந்து மாவட்டங்களும் 2012/13 ஆய்விலேயே ஒருங்கு சேர்ந்தன. பின்னர் வறுமைக்கோடும் அவ்வாய்வைக்கொண்டு புதுக்கப்பெற்றது.

அங்கும் ஓர் இடர் எஞ்சுகின்றது. வறுமைக்கோடு மாவட்டந்தோறும் விலைவாசிக்கேற்பத் திருத்தப்படுகின்றது. மாவட்டத்துக்குள்ளே திருத்தம் இல்லை. குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவை அடையும் அரிசி மூடைக்கும் சீமெந்துக்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி, படகுக்கூலி மூன்றும் சேரும். யாழ்ப்பாணப் பெரியகடையருகே வாழ்பவனும் நெடுந்தீவானும் ஒரே கோட்டாலே அளக்கப்படுகின்றனர். தரவுக்கணிதம் வல்லார் இதனைச் சிறு பிழை என்பர். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் கடை வாசலில் நிற்பவன் அவ்வாறு கூறான்.

பொருளியலாருள் வருவாயை ஆய்வார், குடித்தொகையை ஆய்வார், நுகர்வை ஆய்வார் எனத் துறைகள் பிரிந்துவிட்டன. தீவகமோ இம்மூன்றையும் ஒருங்கே வேண்டி நிற்கின்றது. இன்று புங்குடுதீவிலும் வேலணையிலும் பூட்டிய வீடுகள் பல. வீட்டுக் கணக்கெடுப்பில் அவை 'வெறுமையானவை' எனப் பதிவாகும். உடையவரோ தொறந்தோவிலும் இலண்டனிலும் உளர். திருவிழாக் காலத்தில் அவ்வீடுகள் திறக்கும்; கோயிற் கோபுரம் உயரும்; கிணறு தூர்வாரப்படும். மாணவர் எவரேனும் ஆராய விழைந்தால், அவ்வெறும் வீடுகளின் வாசலிலிருந்தே தொடங்கலாம். 1901இல் எண்ணத் தவறிய கடைக்காரரின் கணக்கும் அங்கேதான் கிடக்கின்றது.