பாட்டுக்கு மார்க் போட்டவர்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், ஒரு காய்ச்சல் தொற்றிக்கொள்ளும். இந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள், சிறந்த பத்து நடிகர்கள், சிறந்த பத்துப் பாடல்கள். பத்திரிகை போடும். டி.வி. போடும். இப்போது உங்கள் கையிலிருக்கும் செல்போனே போடுகிறது.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்த வருடம் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பத்துப் பாடல்களை எழுதுங்கள். யாரையும் கேட்காமல், மனசில் வருகிற வரிசையில்.

எழுதியாயிற்றா? இப்போது அதை அவர்கள் போட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு பாட்டு ஒத்துப்போனால் அதிகம்.

மிச்சம் ஆறு எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை சென்னையில் கேட்பதைவிட ஓசூரில் கேட்டால்தான் சுவாரஸ்யம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். சென்னையோ முந்நூறுக்கும் மேலே. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட் வந்தது. 1984-ல் ஆரம்பித்த டைட்டன் கம்பெனி இங்கேதான் கடிகாரத் தொழிற்சாலை போட்டது. பின்னாலேயே ஜனங்களும் வந்தார்கள். தெற்கேயிருந்து தமிழர்கள், வடக்கேயிருந்து இந்திக்காரர்கள். உள்ளூர்க்காரரைக் கேட்டால், பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டுப் பைத்தியம் தன் பத்தை எழுதினால் எப்படி இருக்கும்? நாலு தமிழ், மூணு கன்னடம், ரெண்டு தெலுங்கு, ஒண்ணு இந்தி. சென்னைக்காரர் போடுகிற பட்டியலில் கன்னடப் பாட்டுக்கு இடம் கிடையாது. பெங்களூருக்காரர் பட்டியலில் தமிழுக்குக் கிடையாது. ஆக, இரண்டு பட்டியலுக்கும் நடுவில் ஓசூர்க்காரர் அந்தரத்தில் தொங்குகிறார்!

இத்தனைக்கும் அவர் கேட்கிற பாடகர்கள் எல்லையைப் பார்த்ததே இல்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு சிறந்த பாடகருக்கான தேசிய விருது ஆறு முறை கிடைத்தது. தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்று நாலு மொழிகளில். ஓசூர் டீக்கடையில் காதில் விழுகிற அதே நாலு! 1981 பிப்ரவரி 8-ம் தேதி பெங்களூருவில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுக்குள் உபேந்திரகுமார் இசையில் 21 கன்னடப் பாடல்களைப் பாடிக் கொடுத்தார் மனிதர். அதில் எது கன்னடத்தில் முதலிடம், எது இரண்டாமிடம் என்று யோசிக்கவா அவருக்கு நேரமிருந்திருக்கும்?

சரி, பாட்டுக்கு மார்க் போடுகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. 1935-ல் அங்கே 'யுவர் ஹிட் பரேட்' என்று ஒரு ரேடியோ நிகழ்ச்சி. அந்த வாரம் மக்களுக்குப் பிடித்த பாடல்கள் இவைதான் என்று வரிசையாகப் போட்டார்கள். செலவை ஏற்றுக்கொண்டது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனி. 1940 ஜூலையில் 'பில்போர்டு' பத்திரிகை, கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகள் என்று தேசம் முழுவதுக்குமான பட்டியலை ஆரம்பித்தது. முதலிடம் டாமி டார்ஸி குழுவின் பாட்டுக்கு. பாடியவர் அப்போது அவ்வளவாகப் பிரபலமாகாத ஓர் இளைஞர். பெயர், ஃபிராங்க் சினாட்ரா.

இங்கிலாந்துக்காரர்கள் கொஞ்சம் லேட். 1952 நவம்பர் 14-ம் தேதி 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் முதல் பட்டியல் வந்தது. எப்படித் தயாரித்தார்கள் தெரியுமா? பத்திரிகையைச் சேர்ந்த பெர்ஸி டிக்கின்ஸ், சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு போன் போட்டார். "இந்த வாரம் எது அதிகம் போச்சு?" என்று கேட்டார். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்! அறிவித்தது பன்னிரண்டு இடங்கள். சமமாக வந்தவற்றையும் சேர்த்துக்கொண்டதில் பதினைந்து பாட்டு இருந்தது. இருபது கடைக்காரர்கள் சொன்னதுதான் ஒரு தேசத்தின் ரசனை என்று ஆனது.

அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, நம் பக்கத்தில் ஒரு சம்பவம்.

1952 டிசம்பர் 3. புதன்கிழமை. இரவு எட்டு மணி. இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா என்பது பற்பசை. பேசியவர் அமீன் சயானி. இருபது வயது நிரம்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

இந்தியப் பாட்டுக்கு இலங்கையில் என்ன வேலை?

வேலை இருந்தது. அந்த வருடம்தான் டாக்டர் பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சாஸ்திரிய இசையில் ஊறியவர். சினிமாப் பாட்டென்றால் ஆகவே ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. படத் தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றியது. கடைசியில் நம் வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி கொழும்புவைப் பிடித்தார்கள்! பம்பாயில் பதிவான ஒலிநாடா கொழும்புக்கு விமானத்தில் போகும். அங்கிருந்து காற்றில் இந்தியாவுக்கே திரும்பி வரும்.

அமீன் சயானிக்குச் சம்பளம் வாரம் 25 ரூபாய். அறிவிப்பு, எழுத்து, வருகிற கடிதங்களைப் பிரிப்பது எல்லாம் அவர் தலையில். முதலில் அது போட்டி நிகழ்ச்சி. ஏழு பாட்டு போடுவார்கள். நேயர்கள் அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கி எழுதிப்போட வேண்டும். பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்தது. அப்புறம் வாரத்துக்கு 65,000 என்று ஏறியது. மூட்டை மூட்டையாகக் கடிதம்! என்ன செய்வார் மனுஷன்? போட்டியைக் கைவிட்டு ஹிட் பரேடாக மாற்றினார்கள். 1953-ல் ஆரம்பித்து, வருடக் கடைசியில் அந்த வருடத்தின் மொத்தப் பட்டியல். முதல் பட்டியலில் முதலிடம் 'அனார்கலி' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்கு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. இடத்தை எப்படித் தீர்மானிப்பது? நாற்பது இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையைக் கேட்டு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் சந்தேகம் வந்தது. நன்றாக ஓடுகிற பாட்டின் தட்டு கடையில் தீர்ந்துபோயிருக்கும். ஸ்டாக் இல்லையென்றால் விற்பனை எங்கே? பாட்டு கீழே இறங்கிவிடும்! இன்னொரு பக்கம், சம்பந்தப்பட்டவர்களே கட்டுக்கட்டாகத் தட்டுகளை வாங்கி விற்பனையை ஏற்றிவிடலாம்.

நான் படித்தது பி.காம். எந்தக் கணக்கைக் காட்டினாலும் "ஆடிட் செய்தது யார்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டுக் கணக்குக்கு யார் ஆடிட்டர்? அமெரிக்காவிலேயே 1959-60-ல் இது சந்தி சிரித்தது. இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடு என்று ரேடியோ அறிவிப்பாளர்களுக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்த விவகாரத்தை நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. அதில் சிக்கிய ஆலன் ஃப்ரீட், 1962-ல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்.

அமீன் சயானி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஊர் ஊராக ரேடியோ கேட்கிறவர்களின் சங்கங்கள் இருந்தன. கடைக்காரர் கணக்கோடு அந்தச் சங்கங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். பாட்டை விற்கிறவனிடம் மட்டும் கேட்டால் போதாது, கேட்கிறவனிடமும் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நிகழ்ச்சி 1989-ல் விவித் பாரதிக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் அவர் காலமானபோது, அந்தக் குரலோடு வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டு ஆள் ஒருவரை இழந்த மாதிரி துக்கப்பட்டார்கள்.

கேட்கிறவர்கள் என்றால் பெரிய நகரத்து ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூம்ரி தலையா என்று ஓர் ஊர். அப்போது பீகார், இப்போது ஜார்க்கண்ட். மைக்கா தோண்டியெடுக்கிற தொழில் ஊர். அங்கிருந்து வந்த நேயர் விருப்ப அட்டைகளுக்கு அளவே இல்லை. இலங்கை வானொலியிலும் விவித் பாரதியிலும் திரும்பத் திரும்ப அந்த ஊர்ப் பெயரைக் கேட்ட ஜனங்கள், அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்! தேசத்தின் வரைபடத்தில் யாரும் தேடாத ஊர், ஒரு அஞ்சலட்டையின் புண்ணியத்தில் எல்லார் வாயிலும் புகுந்தது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன அட்டைகள் கொஞ்சமா? மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரலில் தன் பெயரும் ஊர்ப் பெயரும் வந்துவிடாதா என்று காத்துக் கிடந்த தலைமுறை அது. பாட்டு ஏற்கெனவே நூறு தடவை கேட்டதுதான். ஆனால், 'எனக்கு இது பிடிக்கும்' என்று தன் பெயரோடு ஊருக்குச் சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறதே!

அந்தக் கம்பீரம் உலக அளவில் வெளிப்பட்ட கதை ஒன்று உண்டு. 2002-ல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாவது ஆண்டுக்காக, உலகத்தின் டாப் டென் பாடல்கள் எவை என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. ஒன்றரை லட்சம் ஓட்டுகளுக்கு மேல் விழுந்தன. வந்த பட்டியலைப் பார்த்து மேற்கத்திய விமர்சகர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். முதலிடம் அயர்லாந்தின் பழைய விடுதலைப் பாட்டுக்கு. இரண்டாவது வந்தே மாதரம். மூன்றாவது பாகிஸ்தான் பாட்டு. நாலாவது? 'தளபதி' படத்தில் இளையராஜா போட்ட 'ராக்கம்மா கையத் தட்டு'! ஐந்தாவது திருமலை சந்திரனின் ஈழத்துப் பாட்டு. குயின் குழுவின் புகழ்பெற்ற 'பொஹீமியன் ராப்ஸடி'க்குக் கடைசி இடம்தான்.

இதில் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால், அயர்லாந்துக்காரர்கள் ஈமெயில் அனுப்பி ஆள் திரட்டியதால்தான் முதலிடம் வந்தது என்பதும் உண்மை. பிடித்த பாட்டு வேறு, ஓட்டு வேறு. கடைக் கணக்கில் ஒரு ஓட்டை என்றால், ஓட்டுக் கணக்கில் இன்னொன்று.

இன்றைக்கு மார்க் போடுவது கம்ப்யூட்டர். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. வருடக் கடைசியில் 'நீங்கள் அதிகம் கேட்ட பாடல்கள் இவை' என்று கலர்கலராக ஒரு அட்டை காட்டும். முப்பது விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. நீங்கள் ரசித்தீர்களா, தூங்கிப்போனீர்களா, அதற்குத் தெரியாது. சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தைக்கு போனைக் கொடுத்த அம்மாவுக்கு, வருடத்தின் முதலிடத்தில் நர்சரி ரைம்ஸ் வந்து நிற்கும்!

ஓசூருக்குத் திரும்புவோம். காலை ஷிப்டுக்குப் போகிறவர் எங்கே பாட்டு கேட்கிறார்? கம்பெனி பஸ்ஸில், டிரைவர் போடுகிற பாட்டை. டீக்கடையில். பக்கத்துத் தெரு மாரியம்மன் திருவிழா ஸ்பீக்கரில். பெங்களூரு எஃப்.எம்.மில். இதில் எதுவும் அவர் பெயரில் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை. அவர் நெஞ்சில் ஏறியதோடு சரி. அதை அவரே எழுதி வைத்தால்தான் உண்டு.

பட்டியலில் ஏறாத பாட்டெல்லாம் செத்துப்போகிறதா? ஓசூரே இரண்டு சாட்சி சொல்லும்.

ஒன்று, டைட்டன் விளம்பர இசை. 1980-களின் கடைசியில் டி.வி. பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. அது மொசார்ட்டின் 25-வது சிம்ஃபனி. 1773-ல், பதினேழு வயதில் அவர் எழுதியது. சால்ஸ்பர்க் பையனின் இசை, இருநூறு வருடம் தாண்டி, ஓசூரில் செய்த கடிகாரத்தோடு நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. எந்த நேயர் விருப்பத்திலும் யாரும் கேட்கவில்லை. ஆனால், முணுமுணுக்காத வீடு இல்லை.

இன்னொன்று, ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878-ல் அங்கே பிறந்தவர் ராஜாஜி. 'குறை ஒன்றும் இல்லை' அவர் எழுதியது. கடையநல்லூர் வெங்கட்ராமன் மெட்டமைக்க, எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடினார். அது சினிமாப் பாட்டு கிடையாது. எந்த ஹிட் பரேடிலும் படியேறவில்லை. இன்றைக்கும் கச்சேரி முடியும்போது அதைப் பாடச் சொல்லி சபையில் சீட்டு வருகிறது.

ஆகவே, அந்த வெள்ளைத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத உங்கள் ஆறு பாட்டுக்கு எதிரே, எங்கே கேட்டீர்கள், யாரோடு கேட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு டைரிக்குள் வையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை அதை எடுத்துப் பார்க்கும்.

"அட, அப்பாவுக்கு கன்னடப் பாட்டெல்லாம் பிடிக்குமா!" என்று அது ஆச்சரியப்பட்டால், போதும். உங்கள் கணக்கு டாலி!