கம்பளி பேண்ட்டும் மூன்று குளிர்காலங்களும்

நம்ம ராயப்பேட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட ஃபேனை நிறுத்த மனசு வராது. இங்கே உட்கார்ந்து கம்பளி பேண்ட்டைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் லீவு விட்டால் இமயமலை ட்ரெக்கிங் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். ராணுவம் கழித்துக்கட்டிய பழைய கம்பளி பேண்ட்தான் மலிவு, நன்றாக உழைக்கும் என்று வெளிநாட்டு மலையேறிகள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் சிப்பாய்களும் இருக்கிறார்கள்.

முதலில் துணியைப் பார்ப்போம். உடம்புச் சூட்டைக் காப்பது நூலிழைகளுக்கு நடுவே தங்கும் காற்று. பருத்தி நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், துணி காலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழை சுருள் சுருளானது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதனால் நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பு மிஞ்சும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லின் காக்கித் துணிக்கு ராணுவம் பெரிய வாடிக்கையாளர். அது பருத்தி. நம் வெயிலுக்கு அருமையான துணி. ஆனால் 1914 செப்டம்பர் கடைசியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்கள் பலரும் பருத்திக் காக்கியோடுதான் போனார்கள். அடுத்த மாதமே பிளாண்டர்ஸ் பகுதியின் சேற்றுப் பதுங்குகுழிகள். கம்பளி உடை தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. குண்டோடு குளிரும் ஆட்களைச் சாய்த்தது. 1915 இறுதியில் இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதியை மெசபடோமியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது குளிர்காலம் 1943-45, இத்தாலி. 4, 8, 10ஆம் இந்திய டிவிஷன்கள் அங்கே மலைகளில் போரிட்டன. இந்த முறை பிரிட்டிஷ் ராணுவத்தின் தடித்த கம்பளிச் சட்டையும் பேண்ட்டும் இருந்தன. போர் முடிந்ததும் இப்படிப்பட்ட உடைகள் மலைமலையாக மிஞ்சின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவை மலிவு விலைக் கடைகளுக்கு வந்து, மாணவர்கள், வேட்டைக்காரர்கள், மலையேறிகள் கைக்குப் போயின. மிஞ்சிய ராணுவச் சாமான்களை விற்பதற்கு நம் ஊரில் 'டிஸ்போசல்' என்று பெயர். மத்திய அரசின் கொள்முதல் துறை ஒன்றின் பெயரில் 2017 வரை இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் மனசைப் பிசைகிறது. 1962 அக்டோபர், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நம்கா சூ ஆற்றங்கரை. பத்தாயிரம் அடிக்கு மேல் குளிர். சமவெளியிலிருந்து அவசரமாக ஏற்றப்பட்ட 7ஆவது பிரிகேடின் வீரர்கள் பலரிடம் கோடைக்காலப் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவும்தான். விமானத்திலிருந்து போட்ட பொருட்களில் நிறைய பள்ளத்தாக்குகளில் விழுந்து தொலைந்தன. அக்டோபர் 20 காலை சீனத் தாக்குதல் வந்தது. சிறைப்பட்ட பிரிகேடியர் ஜான் தால்வி, விடுதலையான பின் 1969இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் குறைகளை விரிவாகவே பதிவு செய்தார்.

தோல்விக்குக் காரணம் உடை மட்டுமல்ல, உண்மைதான். ஆனால் நாட்டில் கம்பளியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கான்பூர் லால் இம்லி மில் 1876லேயே ராணுவத்துக்குக் கம்பளி நெய்ய ஆரம்பித்துவிட்டது. 1914இல் கற்ற பாடமும் இருந்தது. துணி இருந்தும், தெரிந்திருந்தும், ஆளை அனுப்பிய வேகத்தில் பேண்ட்டை அனுப்பவில்லை. அவ்வளவுதான்.

மலைக்குப் போகும் நண்பர்களே, உங்கள் ஜீன்ஸும் பருத்திதான்! பழைய கம்பளி பேண்ட் கனமாக இருக்கும், அரிக்கும், உள்ளே மெல்லிய கால்சட்டை ஒன்று தேவைப்படும். பார்க்கவும் அழகாக இருக்காது. பரவாயில்லை. இன்றைய ராணுவச் சீருடை மாதிரியில் மட்டும் எதையும் வாங்காதீர்கள். அந்த 1962 வீரர்களுக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது, கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவோம்.