டானிக் நீரின் கசப்பு: கொயினாவும் ஜின் டானிக்கும்

டானிக் நீர் என்பது கொயினா சேர்த்த, இனிப்பும் கசப்பும் கலந்த சோடா. இதனுடன் ஜின் என்ற மதுவைக் கலந்து, பனிக்கட்டியும் எலுமிச்சைத் துண்டும் இட்டுப் பருகுவது ஜின் டானிக் எனப்படுகிறது. வீட்டிலேயே கலந்துகொள்ளும் கலவை மதுக்களில் இது மிக எளியது. இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை பரவலாக வழங்குகிறது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் மலேரியாவைத் தடுக்கக் கொயினா குடித்தனர், அதன் கசப்பை மறைக்க ஜின்னைச் சேர்த்தனர், அதுவே இந்தப் பானமாயிற்று என்பது அக்கதை. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி இன்று சிலர் வீட்டில் செய்யும் சோதனைகள் உடல்நலத்துக்குக் கேடானவை. எனவே இவ்வரலாற்றைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

பட்டையும் மருந்தும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்வது சின்கோனா மரம். அதன் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்ற செய்தி 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் வழியாக ஐரோப்பாவை எட்டியது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சின்சோன் சீமாட்டி இப்பட்டையால் குணமடைந்தார் என்ற கதையை ஒட்டி, 1742-ல் லின்னேயஸ் இம்மரத்துக்குச் சின்கோனா என்று பெயரிட்டார். அக்கதைக்கு ஆதாரம் இல்லை என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு.

பட்டையைப் பொடித்து ஒயினில் ஊறவைத்துக் குடிப்பதே அக்காலத்து வழக்கம். இதற்குக் கசப்பு மட்டும் காரணம் அன்று. பட்டையிலுள்ள மருந்துப் பொருள் நீரைவிட மதுவில் நன்றாகக் கரையும். 1820-ல் பாரிசில் பெல்லத்தியே, காவந்தூ என்ற இரு வேதியியலாளர்கள் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே குயினைன். தமிழில் கொயினா என்று வழங்குவது இதுதான். 1854-ல் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுப் பகுதிக்குச் சென்ற பெய்க்கியின் குழு, நோய் வருமுன்னரே கொயினா உட்கொண்டு உயிரிழப்பின்றித் திரும்பியது. இதன்பின் வெப்பநாடுகளை ஆண்ட அரசுகளுக்குக் கொயினா இன்றியமையாத பொருளாயிற்று.

நீலகிரியில் சின்கோனா

தென் அமெரிக்கக் காடுகளை நம்பியிராமல் தன் ஆட்சிப் பகுதியிலேயே மரத்தை வளர்க்க பிரிட்டிஷ் அரசு விரும்பியது. கிளமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பெருவிலிருந்து 1860-ல் கொண்டுவரப்பட்ட நாற்றுகள் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் திரட்டிய சிவப்புப் பட்டை வகையே நீலகிரியில் வேரூன்றியது. உதகை தாவரவியல் பூங்காவை அமைத்த வில்லியம் மக்கைவர் இம்மரங்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். தொட்டபெட்டாவிலும், உதகையிலிருந்து கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன.

நடுவட்டத் தோட்டத்தில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். மலாயாப் பகுதியின் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நீலகிரியிலேயே தங்கினர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தம் நூலில் இக்குடும்பங்களைக் குறிப்பிடுகிறார். ஆனைமலைப் பகுதியில் வால்பாறைக்கு அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இருப்பதும் இப்பயிரின் எச்சமே.

நீலகிரியின் சிவப்புப் பட்டையில் கொயினா குறைவாகவே இருந்தது. அதிகக் கொயினா தரும் வகையின் விதைகளைப் பொலிவியாவில் திரட்டித் தந்தவர் மானுவேல் இங்கிரா மமானி என்ற பழங்குடி மனிதர். அவர் தந்த விதைகளை 1865-ல் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் ஐரோப்பாவில் விற்றார். பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு வாங்கி ஜாவாவில் பயிரிட்டது. பிற்பாடு உலகக் கொயினாச் சந்தையே ஜாவாவின் கைக்குப் போயிற்று. அந்த வகைக்கு லெட்ஜரின் பெயர் சூட்டப்பட்டது. விதை தந்த மமானியோ பொலிவியாவில் சிறைப்பட்டு, அடி உதை பட்டு, அதன் விளைவாக இறந்தார்.

சோடாவில் சேர்ந்த கசப்பு

1858-ல் லண்டனைச் சேர்ந்த எராஸ்மஸ் பாண்ட், கொயினா சேர்த்த காற்றேற்றிய நீருக்குக் காப்புரிமை பெற்றார். 1870-களில் ஷ்வெப்ஸ் நிறுவனம் இந்தியாவின் பெயரைத் தாங்கிய டானிக் நீரை விற்கத் தொடங்கியது. கோலியால் அடைக்கப்படும் சோடாப் புட்டிக்கு ஹைரம் காட் காப்புரிமை பெற்றது 1872-ல். நம் ஊர்க் கோலி சோடாவும் டானிக் நீரும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள்.

ஜின்னும் டானிக்கும் சேர்ந்த பானத்தைப் பற்றி இதுவரை தெரிய வந்துள்ள மிகப் பழைய அச்சுக் குறிப்புகளில் ஒன்று 1868-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் வெளிவந்த ஒரு விளையாட்டு இதழில், சியால்கோட்டில் நடந்த குதிரைப் பந்தயத்தைப் பற்றிய செய்தியில் அது இடம்பெறுகிறது. பந்தயம் முடிந்து கலையும் கூட்டம் கேட்டு வாங்கும் பானங்களில் ஒன்றாகவே ஜின் டானிக் அங்கே வருகிறது. மருத்துவமனையோ படைமுகாமோ அக்காட்சியில் இல்லை. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டதே 1897-ல்தான்.

சிப்பாய்கள் கொயினாவை மதுவுடன் உட்கொண்டது உண்மை. ஆனால் அது அளந்து கொடுக்கப்பட்ட மருந்து. டானிக் நீர் வெயிலுக்கு இதமாகவும் பசியைத் தூண்டவும் விற்கப்பட்ட பானம். சாதாரண மக்களுக்குக் கொயினா கிடைத்த வழியும் வேறு. வங்காளத்தில் 1892 முதல் தபால் நிலையங்களில் கொயினாப் பொட்டலங்கள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. நோயாளிகளைக் காத்தவை அத்தகைய பொட்டலங்களே.

கணக்கும் எச்சரிக்கையும்

அமெரிக்க விதிகளின்படி டானிக் நீரில் கொயினா லிட்டருக்கு ஏறத்தாழ 83 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மலேரியா கண்ட ஒரு பெரியவருக்கு மருத்துவர்கள் தரும் கொயினாவின் அளவோ நாளொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிகிராம். டானிக் நீரைக் குடித்தே இந்த அளவை எட்ட வேண்டுமானால் நாள்தோறும் 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். எனவே இன்றைய டானிக் நீர் காய்ச்சலுக்கு மருந்தாகாது.

மறுபுறம், மரபான முறை என்று எண்ணிச் சிலர் சின்கோனாப் பட்டையை வாங்கி வீட்டில் காய்ச்சி டானிக் செய்கின்றனர். பட்டைக்குப் பட்டை கொயினாவின் அளவு வேறுபடும். வீட்டில் அதை அளக்க வழியில்லை. அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். இதயத் துடிப்பும் சீர்குலையலாம். கருவுற்றவர்களும் கொயினா ஒவ்வாதவர்களும் கடையில் விற்கும் டானிக் நீரைக்கூடத் தவிர்ப்பது நல்லது.

டானிக் நீரை மது இல்லாமலும் பருகலாம். எலுமிச்சைச் சாறும் பனிக்கட்டியும் போதும். ஆறிய காப்பி டிக்காஷனைச் சிறிது ஊற்றினாலும் இரு கசப்புகளும் ஒத்துப்போகும். புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் டானிக் நீர் நீல நிறத்தில் ஒளிரும். கொயினாக் கரைசலின் இப்பண்பை ஆராய்ந்தே 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒளிர்தலை விளக்கினார். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க, கேடில்லாத கொயினாச் சோதனை இது.