கட்டடத்தின் எடையை மறந்த கணக்கு



சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. லியான் யாக் கட்டடம் என்பது பெயர். நியூ வோர்ல்ட் ஹோட்டல் என்றால்தான் நம்மவர்களுக்குத் தெரியும். 1986 மார்ச் 15ஆம் தேதி, ஒரு நிமிடத்துக்குள் அது தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர்; 17 பேர் மீட்கப்பட்டனர்.

காரணம் என்ன தெரியுமா? கட்டமைப்பை வடிவமைத்தவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்லர், வரைவாளர். ஆட்கள், தளவாடங்களின் எடையைக் கணக்கில் சேர்த்தவர், கட்டடத்தின் சொந்த எடையை விட்டுவிட்டார்! 1971இல் கட்டி முடித்ததிலிருந்து தூண்கள் தாங்க முடியாத சுமையோடு நின்றிருந்தன. இந்த விபத்தின் விளைவாக, 1989ஆம் ஆண்டுச் சட்டம், வடிவமைப்பை இன்னொரு தனிப் பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தது.

இப்போது கணினிக்கு வருவோம். முன்பு கட்டடக் கலைஞர் ஒரு தாளில் வரைவார், பொறியாளர் இன்னொன்றில், குளிர்சாதனக் குழாய்க்காரர் வேறொன்றில். குழாய் உத்தரத்தில் முட்டுவது கட்டுமானத் தளத்தில்தான் தெரியும், பிறகு இடிப்பார்கள். கட்டடத் தகவல் மாதிரியில் எல்லாரும் ஒரே முப்பரிமாண உருவில் சேர்கிறார்கள். ஒரு தூணின் அகலத்தை மாற்றினால் வரைபடமும் கான்கிரீட் அளவும் தாமாகவே மாறும். முட்டல் திரையிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் சக் ஈஸ்ட்மன் 1975இலேயே இந்த எண்ணத்தை எழுதிவிட்டார்.

சிங்கப்பூர் 2010இல் திட்டம் வகுத்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களுக்கு 2013இல் இம்மாதிரி கட்டாயமானது. 2014இல் பொறியியல் திட்டங்களுக்கும். 2015இல் வரம்பு 5,000 சதுர மீட்டராகக் குறைந்தது. அரசு மானியமும் தந்தது. ஆனாலும் சிறு நிறுவனங்கள் திணறின: மென்பொருள் விலை ஒரு புறம், பழகிய ஆட்கள் இல்லாமை மறு புறம். பழைய முறையில் வரைந்துவிட்டு, சமர்ப்பிப்பதற்காக மட்டும் மாதிரி செய்த அலுவலகங்களும் உண்டு. இரட்டை வேலை, பயன் பாதி.

எனக்கு உறுத்துவது வேறு. குழாயும் உத்தரமும் மோதுவதை மென்பொருள் காட்டும். தூண் தாங்குமா என்பது தனிக் கணக்கு. அந்த மென்பொருள் சொந்த எடையைத் தானே கூட்டும்தான், கூட்டச் சொல்லியிருந்தால். ஒரு கட்டளையை அணைத்து வைத்தாலும் படம் அழகாகவே சுழலும். அன்று தாளில் நடந்த பிழை திரையிலும் நடக்கக்கூடியதே.

2023 டிசம்பரில் கோர்நெட் எக்ஸ் தளம் வந்த பின்னரும் அந்த இரண்டாவது பொறியாளரை யாரும் நீக்கவில்லை. கணக்கை அவர் தனியாகப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திடுகிறார்.