ஜூபிலியும் கடற்கரை ஏழைகளும்



ஜூபிலி என்றதும் கொடியும் தேரும் விருந்துமே நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் காட்டும் ஜூபிலி வேறு. ஐம்பதாம் ஆண்டில், கைவிட்டுப் போன நிலம் உரிய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். அந்த ஜூபிலியை ஒரு மீனவ ஊர் வாழ்ந்து காட்டியது.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே மரியநாடு என்னும் ஊர் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள் ஏழை மீனவக் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். வீட்டோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடவில்லை. சமூக சேவகர்கள் அவ்வூரிலேயே தங்கிப் பணிபுரிய ஏற்பாடு செய்தார்கள்.

கூடவே வாழ்ந்தபோதுதான் வறுமையின் வேர் தெரிந்தது. வலை வாங்க முன்பணம் தந்த வியாபாரியே மீனுக்கும் விலை வைத்தார். எவ்வளவு பாடு கிடைத்தாலும் கடன் தீரவில்லை. சேவகர்கள் தாங்களே முடிவெடுத்து வழிநடத்தவில்லை. மக்களோடு அமர்ந்து பேசி, மக்களையே முடிவெடுக்கச் செய்தார்கள். 1970-ஐ ஒட்டி மீனவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சங்கத்தின் ஆளே கரையில் மீனை ஏலம் விட்டார். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீன் மிகுந்த நாளில் கூடுதலாகவும், குறைந்த நாளில் குறைவாகவும் கடன் அடைந்தது. இத்தகைய சங்கங்கள் குமரிக் கரைக்கும் பரவின. 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று கனகசெட்டிக்குளம் உள்ளிட்ட நம் கடற்கரை ஊர்களில் ஆழிப்பேரலை புகுந்தது. அந்நாட்களில் நானும் அரிசியும் போர்வையும் பங்கிட்டேன். வரிசையில் நின்றோரின் பெயர்களை எழுதினேன். அவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேட்கவில்லை. ஒரு தாய்தான் என்னைக் கேட்டார்: "சாமி, இந்த அரிசி நாளைக்குத் தீந்துடும். கட்டிக் குடுக்கிற வீடு யார் பேர்ல வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. 2005-இல் தமிழக அரசு, புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய ஆணையிட்டபோது, அத்தாயின் கேள்வியே நினைவுக்கு வந்தது.

பங்கு மக்களே! ஜூபிலி விருந்தில் ஏழைக்கு ஓர் இலை போடுவது நன்றே. அதனோடு, பட்டா யார் பெயரில் இருக்கிறது, கடனுக்கு என்ன வட்டி, ரேஷன் அட்டை கையில் உண்டா என்றும் அவர் அருகில் அமர்ந்து கேட்போம். மனுவை அவரே கொடுக்கட்டும். அலுவலகம் வரை நாம் உடன் நடப்போம். அதுவே நம் பங்கின் உண்மையான ஜூபிலி.