பணியிட விபத்து இழப்பீட்டுச் சட்டம்: ஊருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவே

யார் செய்த தவறு என்று பாராமல், வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி பணம் கொடுத்தாக வேண்டும் என்று இந்தியாவில் விதித்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் நூறாண்டுக்கு மேல் நீடித்து, 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்கு இடம் விட்டது. விபத்து 'பணி காரணமாகவும் பணியின்போதும்' நேர்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் நடந்தன.

ஊரை விட்டுப் போய் உழைக்கும் பகுதிகளுக்கு இந்தக் கேள்வி சட்ட நுணுக்கம் மட்டுமன்று. இராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர் மழையை நம்பிய பூமி. நெல்லும் மிளகாயும் கைகொடுக்காத ஆண்டுகளில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஒரு வழி. தெற்கே கடலோரத்தில் மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்கள் உண்டு. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உற்பத்தித்தளம் அங்கேதான் உள்ளது. மற்றவர்கள் தூத்துக்குடித் துறைமுகம், சென்னை, வடமாநிலங்கள், வெளிநாடு என்று பிரிந்து போகிறார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரம் இங்கே எப்போதும் பெரிது.

தவறு யாருடையது

பழைய ஆங்கிலச் சட்டத்தில் தொழிலாளி முதலாளியின் தவற்றை நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும். அதற்கும் முட்டுக்கட்டையாக அமைந்தது 1837ஆம் ஆண்டின் 'பிரீஸ்ட்லி எதிர் பவுலர்' வழக்கு. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தார்கள். வண்டி உடைந்தது, உடன் சென்ற வேலையாளின் தொடை எலும்பு முறிந்தது. நடுவர்கள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள், மேல் நீதிபதிகள் அதை மறுத்தார்கள். வேலைக்குச் சேரும்போதே அதன் ஆபத்துகளையும் சக வேலையாட்களின் கவனக்குறைவையும் தொழிலாளி ஏற்றுக்கொண்டுவிட்டான் என்ற கோட்பாடு இங்கிருந்தே வளர்ந்தது. ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1897இல் தவறு பாராத இழப்பீட்டுக்கு மாறியது. 1923இன் இந்தியச் சட்டம் அந்த வழியில் வந்ததே.

பாரம் ஏற்றும் வேலையில் இந்த மாற்றத்தின் பொருள் நன்றாக விளங்கும். இன்றைய கிடங்குகளில் மூட்டையையும் பெட்டியையும் தூக்குவது ஃபோர்க்லிஃப்ட். முன் சக்கரங்களே அதற்குத் தராசின் நடுமுள். முன்னால் பாரம், பின்னால் எதிர் எடை. பாரத்தை உயரத் தூக்கியபடி வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாயும். சாயும்போது ஓட்டுநர் வெளியே குதித்தால் மேற்கூரைச் சட்டத்தின் அடியில் நசுங்குவார்; பட்டையைப் போட்டு இருக்கையிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. முன்னால் உள்ள பாரம் பார்வையை மறைப்பதால் நடந்து செல்பவர்களும் அடிபடுகிறார்கள். இப்படிப்பட்ட விபத்தில் பாரம் அடுக்கியவர், ஓட்டியவர், தரையைச் சீர்செய்யாதவர் என்று தவற்றைப் பங்குபோட்டுக்கொண்டே போகலாம். 1923இன் சட்டம் அந்தக் கணக்கை வெட்டிவிட்டது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்ற சில விலக்குகளை முதலாளி காட்டலாம். ஆனால் தொழிலாளி இறந்துவிட்டால் அந்த விலக்குகளும் செல்லாது.

உப்பளத்துப் படகு

1952 ஜூன் 12 அன்று குஜராத்தின் போர்பந்தருக்கு அருகே உப்பளத் தொழிலாளர்களை ஏற்றிய படகு கடற்கழியில் கவிழ்ந்தது. மோசமான வானிலை, அளவுக்கு மீறிய ஆட்கள். சிலர் மூழ்கி இறந்தார்கள். உப்பளத்துக்குப் போகவும் வரவும் அவர்கள் அந்தக் கழியைக் கடப்பார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலைத்தளத்தின் எல்லையைத் தேவைக்கேற்பக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம் என்பதை 1958இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் பொதுமக்கள் செல்லும் வழியில் பொதுமக்களில் ஒருவராகப் போகிறவர் பணியில் இல்லை என்று கூறிவிட்டது. குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

1963இல் மும்பைப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் நீதிமன்றம் சற்று இளகியது. நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்பியபோது அவர் இறந்தார். அந்தப் பயணமும் பணியின் பகுதியே என்று ஏற்கப்பட்டது. ஆனால் 1996இல் கதவு மீண்டும் சாத்தப்பட்டது. கேரளத் தொழிலாளி ஒருவர் 1971இல் மாலை 4.30 மணி முறைக்கு மிதிவண்டியில் போனார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், 4.15 மணிக்கு லாரி மோதியது. அந்த லாரி அவருடைய முதலாளியுடையதே. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின்கீழ் வந்த அந்த வழக்கிலும், இது பணியின்போது நேர்ந்த காயம் அன்று என்பதே தீர்ப்பு. கால் மணி நேரமும் ஒரு கிலோமீட்டரும் இடையே நின்றன.

2010இல் ஈட்டுறுதிச் சட்டத்தில் 51இ என்ற பிரிவு சேர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், பணி விபத்தாகவே கருதப்படும் என்றது அது. இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருளைக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கு. அதிகாலை 3 மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் 2003இல் அவர் இறந்திருந்தார். குடும்பம் காத்திருந்தது 22 ஆண்டுகள். புதிய சட்டத்தொகுப்பில் வழிப்பயணம் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது.

முதலாளி யார்

தூரம் சாலையில் மட்டும் இல்லை. ஊரிலிருந்து ஆள் சேர்ப்பவர் ஒருவர், கூலி கொடுக்கும் ஒப்பந்ததாரர் இன்னொருவர், கிடங்கு வேறொரு நிறுவனத்துடையது. இங்கே 12ஆம் பிரிவு உதவியது: ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் முதன்மை நிறுவனமே இழப்பீடு தர வேண்டும், பிறகு அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தற்காலிக வேலையாளை விலக்கிவைத்த சொற்கள் 2000இல் நீக்கப்பட்டன. அன்றாடக் கூலிக்காரர்களுக்கு இது வெகு தாமதமான நியாயம்.

தொகை பேரத்துக்கு விடப்படவில்லை. மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுக்கும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 15,59,850 ரூபாய் வரும். முழுமையான நிரந்தர ஊனத்துக்குப் பாதி அன்று, 60 விழுக்காடு. கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. அட்டவணையும் எப்போதும் இறுதியன்று. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவர், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், முழு ஊனமடைந்தவரே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொகை விபத்து நாளிலிருந்தே கடனாகிறது என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. தகுந்த காரணம் இல்லையென்றால் அபராதம் 50 விழுக்காடு வரை.

நடைமுறையில் இறந்தவரின் உடலோடு ஒரு தொகையும் ஒரு வெள்ளைத்தாள் கையெழுத்தும் ஊருக்கு வருவதுண்டு. சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றது 8ஆம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்றது 17ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்கள் அந்த ஆணையராகச் செயல்பட்டார்கள்.

முன்பு விபத்து நடந்த ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. மும்பையில் கணவரை இழந்த முதுகுளத்தூர்ப் பெண் மும்பைக்கே அலைய வேண்டும். 1995 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றி, உரிமை கோருபவர் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம் என்றது. மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம்.